முதலில் எண்ணை எழுது, பிறகு விடையைப் பார்: போக்கர் பயிற்சிகள்

நிறைய ஆடினால் ஆட்டம் தானாக முன்னேறும் என்று போக்கரில் பலரும் நம்புகிறார்கள். கேரமில் அது பெருமளவு உண்மை. காயைத் தப்பாக அடித்தால் அது குழியில் விழாது, தப்பு அங்கேயே தெரிந்துவிடும். போக்கரில் அப்படி இல்லை. கால் செய்யக் கூடாத இடத்தில் கால் செய்து (எதிராளி கட்டிய தொகைக்குச் சமமாகப் போட்டு), கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் வேண்டிய சீட்டு விழுந்து ஜெயித்தால், மனசு அதைச் சரியான ஆட்டமாகவே பதிந்துகொள்ளும். சரியாக ஆடித் தோற்றால், அடுத்த முறை அந்தச் சரியான முடிவை எடுக்கவே கை தயங்கும்.

இதன் அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோ-லிமிட் ஹோல்டெம் என்பது ஆளுக்கு இரண்டு மறைந்த சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் போட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாமல் ஆடும் போக்கர். 6 பேர் உட்காரும் அந்த மேசையில், 100 ஆட்டத்துக்கு வரவு செலவின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவு) பொதுவாக 80 முதல் 100 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டும் தொகை) வரை இருக்கும். 90 என்றே வைத்துக்கொள்வோம். 10,000 ஆட்டம் என்பது நூறு நூறாக 100 கட்டு. அப்போது சராசரியின் தடுமாற்றம், 90-ஐ 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் வரும் 9. இருபுறமும் இதன் இரண்டு மடங்கு, அதாவது 18 வரை விலகுவது சாதாரணம். அதாவது, 100 ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் சம்பாதிக்கும் திறமை நிஜமாகவே உள்ள ஒருவர், 10,000 ஆட்டம் முடிவில் மைனஸ் 13-இல் நிற்கலாம், பிளஸ் 23-இலும் நிற்கலாம். இரண்டுமே வழக்கமான எல்லைக்குள்தான் அடங்கும். நேரில் சீட்டு போடும் மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும் என்பதால், 10,000 ஆட்டம் முடிய 330 முதல் 400 மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரம் உட்கார்ந்த பிறகும் நீங்கள் நன்றாக ஆடுகிறீர்களா என்று சிப்ஸ் (பந்தய வில்லைகள்) குவியல் சொல்லாது.

அதனால் மேசைக்கு வெளியே, விடை உடனே தெரியும் பயிற்சிகள் வேண்டும். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முதலில் உங்கள் விடையை எண்ணாக எழுதிவிட வேண்டும், அதன் பிறகே சரியான விடையைப் பார்க்க வேண்டும். எழுதாமல் மனசுக்குள் நினைத்துக்கொண்டால், விடையைப் பார்த்ததும் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும். அத்தோடு அந்தப் பயிற்சி வீண்.

தேவையானவை ஒரு சீட்டுக்கட்டு, கோடு போட்ட நோட்டு, ஆறு பக்கமுள்ள ஒரு லூடோ பகடை, சிப்ஸுக்குப் பதில் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை. கணினியில் ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் ஈக்விலேப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். பணம் எதுவும் வேண்டியதில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இங்கிருப்பவர்கள் இணையத்தில் காசு கட்டிப் பழகலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. கற்றுக்கொள்வதற்குக் காசு தேவையும் இல்லை.

பாட் கணக்கு

பாட் என்பது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, பெட் என்பது ஒருவர் கட்டும் பந்தயம். எதிராளி பெட் கட்டுகிறார். கால் செய்ய உங்களுக்கு எத்தனை சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும்? போக்கரின் அ, ஆ இதுதான். இதிலேயே பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டு சீட்டைத் திருப்புங்கள். முதல் சீட்டின் எண்ணை 10-ஆல் பெருக்கினால் பாட், இரண்டாவதன் எண்ணை 10-ஆல் பெருக்கினால் பெட். ஏஸ் 1, ஜாக் 11, குயின் 12, கிங் 13. ஆறும் நாலும் வந்தால் பாட் 60, பெட் 40. விடை: கால் செய்யப் போடும் தொகையை, கால் செய்த பிறகு மொத்தமாகும் பாட்டால் வகுக்க வேண்டும். 60, அவர் போட்ட 40, நீங்கள் போடும் 40, கூட்டினால் 140. 40-ஐ 140-ஆல் வகுத்தால் 28.6 சதவீதம்.

இங்கே வரும் தவறு எப்போதும் ஒன்றுதான். கால் செய்யத் தாங்கள் போடும் தொகையைக் கூட்ட மறந்து, 40-ஐ 100-ஆல் வகுத்து 40 சதவீதம் என்று எழுதுவார்கள். 28.6 போதும் என்கிற இடத்தில் 40 கேட்டால், கால் செய்ய வேண்டிய கைகளையெல்லாம் கீழே வைத்துக்கொண்டே இருப்பீர்கள். யாராவது மெதுவாகக் கரைந்துகொண்டே போகிறார் என்றால் பல நேரம் காரணம் இதுதான்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் சில. பாட்டில் நாலில் ஒரு பங்கு பெட் என்றால் 16.7 சதவீதம், மூன்றில் ஒரு பங்குக்கு 20, பாதிக்கு 25, மூன்றில் இரண்டுக்கு 28.6, முக்காலுக்கு 30, முழு பாட்டுக்கு 33.3, இரண்டு மடங்குக்கு 40. மற்றவற்றை இவற்றுக்கு நடுவில் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

இதே சீட்டை வைத்து மறுபக்கக் கணக்கும் போட வேண்டும். நீங்கள் பிளஃப் அடிக்கிறீர்கள், கையில் ஒன்றுமில்லை. எதிராளி எத்தனை சதவீதம் ஃபோல்ட் செய்தால் (சீட்டைக் கீழே வைத்து விலகினால்) நஷ்டமில்லை? பெட்டை, பெட்டும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பாதி பாட்டுக்கு 33.3, மூன்றில் இரண்டுக்கு 40, முழு பாட்டுக்கு 50, இரண்டு மடங்குக்கு 66.7. இந்த இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று குழம்பும். குழம்பாமல் இருக்க, முதல் சீட்டு சிவப்பாக வந்தால் கால் கணக்கு, கறுப்பாக வந்தால் பிளஃப் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோதுதான் அது நன்றாகப் பதியும். 5 நிமிடத்தில் 20 கணக்கு என்பது நல்ல வேகம்.

அவுட்ஸ் எண்ணுவது

கையில் இரண்டு, நடுவில் மூன்று என்று சீட்டு போடுங்கள். நடுவில் உள்ள மூன்றும் ஃப்ளாப், அடுத்து வரும் நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். உங்கள் கையை முன்னேற்றக்கூடிய சீட்டுகள், அதாவது அவுட்ஸ், கட்டில் எத்தனை மிச்சம் என்று எண்ணி எழுதுங்கள். பிறகு டர்னில் வரும் வாய்ப்பு, ரிவருக்குள் வரும் வாய்ப்பு இரண்டையும் எழுதுங்கள். தோராயத்துக்கு ஒரு சீட்டு பார்க்க அவுட்ஸை 2-ஆல் பெருக்கலாம், இரண்டு சீட்டும் பார்க்க 4-ஆல் பெருக்கலாம். நிஜ எண்கள் இவை: 4 அவுட்ஸுக்கு 8.5, 16.5. 6-க்கு 12.8, 24.1. 8-க்கு 17, 31.5. 9-க்கு 19.1, 35. 12-க்கு 25.5, 45. 15-க்கு 31.9, 54.1. அவுட்ஸ் 8-ஐத் தாண்டினால் நாலால் பெருக்குவது கூடுதலாகக் காட்டும். 8-க்கு மேல் எத்தனை அவுட்ஸ் இருக்கிறதோ அத்தனையைக் கழித்துவிடுங்கள். 15-க்கு 60-இல் 7 போக 53, கிட்டத்தட்ட சரி.

இதில் மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது, ஒரே சீட்டை இரண்டு முறை எண்ணுவது. கையில் ஆட்டின் ஜாக், ஆட்டின் 10. ஃப்ளாப்பில் ஆட்டின் 9, இஸ்பேட் 8, ஆட்டின் 3. ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) நாலு குயினும் நாலு ஏழும் சேர்த்து 8, ஆக 17 என்று எழுதுவார்கள். ஆட்டின் குயினும் ஆட்டின் ஏழும் ஏற்கனவே ஃப்ளஷ் கணக்கில் வந்துவிட்டன. விடை 15.

இரண்டாவது, அழுக்கு அவுட்ஸ். கையில் டைமன் 7, கிளாவர் 6. ஃப்ளாப் இஸ்பேட் 8, இஸ்பேட் 5, ஆட்டின் கிங். 9 வந்தாலும் 4 வந்தாலும் ஸ்ட்ரெய்ட்தான். ஆனால் இஸ்பேட் 9-ம் இஸ்பேட் 4-ம் நடுவில் மூன்றாவது இஸ்பேடைக் கொண்டுவருகின்றன, எதிராளிக்கு ஃப்ளஷ் விழலாம். அந்த இரண்டையும் பாதி பாதியாக எண்ணி 7 என்று எழுதுவது நேர்மையான கணக்கு.

மூன்றாவதுதான் அதிகச் செலவு வைப்பது. ஃப்ளாப்பில் பெட் வந்ததும் நாலால் பெருக்குவது. டர்னில் இன்னொரு பெட் வராது என்று யார் உறுதி கொடுத்தது? எல்லாச் சிப்ஸும் ஃப்ளாப்பிலேயே உள்ளே போனால்தான் 4. இல்லையென்றால் 2. பாட் 60, பெட் 40, உங்களிடம் ஃப்ளஷ் டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் ஆகும் கை). தேவை 28.6, டர்னில் வரும் வாய்ப்பு 19.1. பற்றாது. அப்படியும் கால் செய்ய வேண்டுமானால், ஃப்ளஷ் விழுந்த பிறகு சராசரியாக இன்னும் 69 சிப்ஸாவது எதிராளியிடமிருந்து வர வேண்டும். 47 சீட்டில் 38 முறை 40 இழக்கிறீர்கள், 9 முறை 100-ம் கூடுதல் வரவும் கிடைக்கிறது. இரண்டையும் சமன் செய்தால் அந்த 69 வரும். இந்தக் கணக்கைப் பத்து விதமான பாட்டுக்குப் போட்டுப் பழகியவர், மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் பயந்து ஒதுங்கும் ஆளுக்கு எதிராக டிராவைத் துரத்த மாட்டார்.

இதோடு சேர்த்து ஒரு முறையாவது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு ஏஸையும் இரண்டு கிங்கையும் தனியே எடுத்து எதிரெதிரே வையுங்கள். மீதி 48 சீட்டைக் கலைத்து நடுவில் 5 போட்டு, யார் ஜெயித்தார் என்று குறியுங்கள். இப்படி 50 முறை. ஏஸ் ஜோடி ஜெயிப்பது சுமார் 82 சதவீதம், அதனால் 50-இல் சுமார் 9 முறை தோற்கும். அடுத்தடுத்து இரண்டு முறை தோற்பதும் சகஜம். முக்கால் மணி நேரம் கூட ஆகாது. காசு எதுவும் பந்தயத்தில் இல்லாதபோது, தன் கையாலேயே போட்ட சீட்டில் ஏஸ் ஜோடி தோற்பதைப் பார்த்தவருக்கு, மேசையில் அது நடக்கும்போது அடுத்த பத்து ஆட்டத்தைக் கோபத்தில் ஆட வேண்டிய தேவை குறைகிறது. எண்ணைப் படிப்பதால் இந்தப் பலன் கிடைப்பதில்லை. சீட்டைக் கலைத்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பகடை போட்டு முதல் முடிவு

ஆரம்பக் கைகள் மொத்தம் 1,326 சேர்க்கை, வகையாகப் பார்த்தால் 169. ஜோடி ஒவ்வொன்றும் 6 விதமாக வரும், ஒரே சின்னத்தில் வருபவை 4 விதம், வேறு வேறு சின்னத்தில் 12 விதம். 6, 4, 12 என்ற இந்த மூன்று எண்களும் இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நல்ல ஒரு ஆரம்பக் கை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 6 பேர் மேசையில், முதலில் பேசும் இடத்தில் 15 முதல் 18 சதவீதக் கைகளையும், ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடமான பட்டனில் 40 முதல் 50 சதவீதக் கைகளையும் திறக்கச் (முதல் ஆளாகப் பந்தயத்தை உயர்த்தச்) சொல்லும் அட்டவணைகளே பெரும்பாலும் இருக்கும். எதை எடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள், வாரத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டாம். பகடையைப் போடுங்கள்: 1 என்றால் முதலில் பேசும் இடம், 2, 3 அதற்கு அடுத்த இடங்கள், 4 என்றால் பட்டன், 5 சிறிய பிளைண்ட். 6 வந்தால் நீங்கள் பெரிய பிளைண்ட், பட்டனில் இருப்பவர் ரெய்ஸ் செய்திருக்கிறார் (பந்தயத்தை உயர்த்தியிருக்கிறார்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டைத் திருப்பி 3 விநாடிக்குள் முடிவைச் சொல்லி, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இருபது நிமிடத்தில் 100 கை போடலாம்.

தவறிய கைகளை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரே மாதிரி கைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஏஸும் சின்னச் சீட்டும் வேறு சின்னத்தில், கிங்-10 வேறு சின்னத்தில், ஒரே சின்னத்தில் வந்த எந்தக் குப்பையும். ஒரே சின்னம் என்பதற்கு ஆட்கள் கொடுக்கும் மதிப்பு அதிகம். குயின் ஜோடிக்கு எதிரே ஏஸ்-கிங் வேறு சின்னத்தில் இருந்தால் சுமார் 43 சதவீதம், ஒரே சின்னத்தில் இருந்தால் சுமார் 46. வித்தியாசம் மூன்றே சதவீதம். கையில் ஜாக்-3 இருந்து இரண்டும் கிளாவராக இருப்பதால் அது ஆடும் கையாகிவிடாது.

காகிதப் பட்டை

ஒளிபரப்பான போக்கர் ஆட்டங்களில் ஆட்டக்காரரின் மறைந்த சீட்டு திரையில் தெரியும். திரையில் அந்த இடத்தை ஒரு காகிதப் பட்டையால் மறைத்து ஒட்டிவிட்டுப் பாருங்கள். 13-க்கு 13 கட்டம் போட்ட தாளில் 169 கைகளும் இருக்கட்டும். ஒருவர் ரெய்ஸ் செய்ததும் வீடியோவை நிறுத்தி, அந்த இடத்திலிருந்து அவரிடம் இருக்கக்கூடிய கைகளையெல்லாம் பென்சிலால் நிழலிடுங்கள். ஃப்ளாப்பில் பெட் கட்டியதும் மறுபடி நிறுத்தி, இப்படி ஆடாத கைகளை அழியுங்கள். டர்ன், ரிவர் வரை இதே போல.

இதற்கு ஒரு கடுமையான விதி உண்டு: அழித்த கை திரும்ப வரக் கூடாது. ஃப்ளாப்பில் இந்தக் கை இருக்காது என்று அழித்தவர், ரிவரில் அது பொருந்துகிறது என்பதற்காகத் திரும்ப எழுதுகிறார் என்றால் ஒன்று முதலில் அவசரப்பட்டிருக்கிறார், அல்லது இப்போது பயந்திருக்கிறார். எங்கே என்று கண்டுபிடித்து ஓரத்தில் எழுத வேண்டும். கடைசியில் பட்டையை எடுத்துப் பார்த்தால், அவருடைய கை உங்கள் நிழலுக்குள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நிழல் எவ்வளவு சிறியது என்பது இரண்டாவது. கட்டம் முழுவதும் நிழலிட்டால் கை உள்ளே இருப்பது நிச்சயம், ஆனால் அதில் ஒரு பயனும் இல்லை. "அவரிடம் ஏஸ்-கிங்தான்" என்று ஒரே கையைச் சொல்வது அதைவிட மோசம். அப்படிச் சொல்லும் பழக்கத்தை இந்தப் பயிற்சி அளவுக்கு வேறெதுவும் உடைப்பதில்லை. ஒரு அமர்வுக்கு 4, 5 ஆட்டம் போதும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு ரிவர், முழுக் கணக்கோடு

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தரும் பயிற்சி இது. ஒரே ஒரு ரிவர் முடிவை எடுத்து, எதிராளியின் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. எடுத்துக்காட்டாக ஒன்றை முழுவதும் போட்டுப் பார்ப்போம்.

பட்டனிலிருந்து ஒருவர் ரெய்ஸ். நீங்கள் பெரிய பிளைண்டில் டைமன் கிங், கிளாவர் ஜாக்குடன் கால். ஃப்ளாப் இஸ்பேட் கிங், இஸ்பேட் 8, டைமன் 3. டர்ன் கிளாவர் 2. ரிவர் ஆட்டின் 7. மூன்று முறையும் நீங்கள் செக் (எதுவும் கட்டாமல் விடுவது), அவர் பெட், ரிவரில் முழு பாட் அளவுக்கு. தேவை 33.3 சதவீதம். நடுவில் ஸ்ட்ரெய்ட் எதுவும் முடியாது, ஃப்ளஷ்ஷும் விழவில்லை.

உங்களை ஜெயிக்கும் கைகள்: ஏஸ் ஜோடி 6. ஏஸ்-கிங்கில், இஸ்பேட் கிங் நடுவிலும் டைமன் கிங் உங்கள் கையிலும் இருப்பதால் மிச்சம் இரண்டு கிங், நாலு ஏஸோடு சேர்ந்து 8. கிங் ஜோடி 1. 8 ஜோடி 3. 3 ஜோடி 3. ஒரே சின்னத்தில் கிங்-8, ஆட்டினும் கிளாவரும் மட்டும், 2. மொத்தம் 23. 7 ஜோடியோ 2 ஜோடியோ கிங் விழுந்த ஃப்ளாப்பில் பெட் கட்டாது என்று வைத்து விட்டுவிட்டோம்.

விழாமல் போன இஸ்பேட் டிராக்கள்: ஏஸோடு குயின், ஜாக், 10, 9, 6, 5, 4 என்று 7. குயினோடு ஜாக், 10, 9 என்று 3. ஜாக்கோடு 10, 9 என்று 2. 10-9 ஒன்று. 6-5, 5-4 இரண்டு. மொத்தம் 15. 

15-ஐ 38-ஆல் வகுத்தால் 39.5 சதவீதம். கால்.

பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். பயிற்சியே இனிமேல்தான் ஆரம்பம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அனுமானத்தை மாற்றிப் பாருங்கள். இவர் ஏஸ் வைத்திருக்கும் விழாத டிராக்களை ரிவரில் செக் செய்துவிடுபவர் என்றால் பிளஃப் 8 ஆகச் சுருங்கும். 8-ஐ 31-ஆல் வகுத்தால் 25.8. ஃபோல்ட். இவர் கிங்-குயினையும் இப்படி மூன்று முறை கட்டுபவர் என்றால் ஜெயிக்கும் கைகளில் இன்னும் 8 கூடி 31 ஆகும். 15-ஐ 46-ஆல் வகுத்தால் 32.6. விளிம்பில் நிற்கிறது, மயிரிழையில் ஃபோல்ட்.

அடுத்ததாக உங்கள் ஜாக்கை மட்டும் மாற்றுங்கள். கிளாவர் ஜாக்குக்குப் பதில் இஸ்பேட் ஜாக். பார்வைக்கு அதே கிங்-ஜாக், அதே ஜோடி. ஆனால் இஸ்பேட் ஜாக் உங்களிடம் இருந்தால், ஏஸ்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10, ஜாக்-9 ஆகிய நாலு டிராக்களும் அவரிடம் இருக்க முடியாது. பிளஃப் 11. 11-ஐ 34-ஆல் வகுத்தால் 32.4. முதல் கணக்கில் நிம்மதியாகக் கால் செய்த கை, ஒரு சீட்டின் சின்னம் மாறியதால் ஃபோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. தன் கையில் இருக்கும் சீட்டு எதிராளியின் எந்தக் கைகளை அடைக்கிறது என்பது இப்படி எண்ணிப் பார்த்தால்தான் மனசில் உறைக்கும். முதலில் ஒரு ரிவருக்கு அரை மணி நேரம் ஆகும். இருபது ரிவர் போட்ட பிறகு பத்து நிமிடம். மேசையில் யாரும் இதை முழுதாக எண்ணுவதில்லை. அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இவர் ஏஸோடு விழாத டிராவைக் கட்டுவாரா? வீட்டில் எண்ணியவருக்குத்தான் அந்தக் கேள்வியே தெரியும்.

ஆடிய பிறகு

ஒரு அமர்வுக்கு 5 ஆட்டம் எழுதி வையுங்கள். பெரிதாகத் தோற்ற ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவற்றில் பல கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாதவை. முடிவெடுக்கும்போது எங்கே தயங்கினீர்களோ அதை எழுதுங்கள், அது சின்ன பாட்டாக இருந்தாலும். இடம், எல்லாருடைய சிப்ஸ் அளவு, ஒவ்வொரு கட்டத்திலும் பாட், பெட், இத்தனையும் வேண்டும். சிப்ஸ் அளவு இல்லாத குறிப்பை வைத்து எதையும் ஆராய முடியாது. குறிப்பில் விட்டுப்போவதும் அதிகம் அதுதான்.

பிறகுதான் கணினி. பயோசால்வர், ஜிடிஓ விசார்ட் போன்ற மென்பொருள்கள் ஒரு இடத்தில் என்ன செய்யலாம் என்று சதவீதமாகச் சொல்லும். திறப்பதற்கு முன் உங்கள் பதிலையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அது "இந்தக் கையை 37 சதவீதம் பெட், 63 சதவீதம் செக்" என்று காட்டும்போது அந்த எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதே அதன் பொருள். அதற்குப் பதில் ஒரு சீட்டை மாற்றி, டர்ன் 2-க்குப் பதில் ஏஸாக வைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று உங்கள் வார்த்தையில் எழுத முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. இன்னொன்று, எதிராளியின் கைகளாக நீங்கள் எதைக் கொடுக்கிறீர்களோ அதற்கேற்பவே பதில் வரும். உங்கள் மேசையில் உள்ளவர் கிங்-4-ஐயும் கால் செய்பவராக இருக்கும்போது, பாடப்புத்தகக் கைகளைக் கொடுத்துவிட்டு வரும் பதிலை அவர்மேல் பிரயோகித்தால் சரிவராது.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நடக்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நடந்த போட்டி நல்ல சாட்சி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி, நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் நோ-லிமிட் ஹோல்டெமில் தோற்கடித்தது. பகலில் மனிதர்கள் எந்தெந்த பெட் அளவுகளை வைத்து அதைச் சோதித்தார்களோ, அந்த இடங்களை இரவில் கணக்கிட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு மறுநாள் வந்து உட்கார்ந்தது. நாம் ஒரு இரவில் ஒரு ஓட்டையை அடைத்தால் போதும். எந்த ஓட்டை என்று எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேசையில் செய்ய வேண்டியவை

நோ-லிமிட் மேசையில் பாட் எவ்வளவு என்று டீலர் எண்ணிச் சொல்ல மாட்டார். அதனால் நண்பர்களோடு புளியங்கொட்டை வைத்து ஆடும்போது ஒரு பழக்கம் கொண்டுவாருங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டு திருப்பும் முன் எல்லாரும் பாட் அளவைச் சொல்ல வேண்டும், பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் நாள் ரிவருக்கு வரும்போது ஆளுக்கொரு எண் சொல்வார்கள். பாட்டே தெரியாதவர் முன்னால் சொன்ன சதவீதக் கணக்குகளை எதை வைத்துப் போடுவார்?

ஃபோல்ட் செய்த ஆட்டங்களில் செல்பேசியை எடுக்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான். ஒன்பது பேர் மேசையில் பெரும்பாலான ஆட்டங்களில் நீங்கள் வெறும் பார்வையாளர். ஒரே ஒரு எதிராளியைத் தேர்ந்தெடுத்து, அவர் சீட்டைக் காட்டும் ஒவ்வொரு முறையும் மூன்றே விஷயங்களை மனசில் குறித்துக்கொள்ளுங்கள்: ரிவரில் எவ்வளவு கட்டினார், பாட்டில் அது எத்தனை பங்கு, கையில் என்ன இருந்தது. இடைவேளையில் அதை நோட்டுக்கு மாற்றுங்கள். பத்துப் பதினைந்து முறை சேர்ந்ததும் பலரிடம் ஒரு ஒழுங்கு தெரியும். நல்ல கைக்கு ஒரு அளவு, பிளஃப்புக்கு வேறு அளவு. மேலே 15-ஆ 8-ஆ என்று நாம் தடுமாறிய கேள்விக்கு விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் தினமும் பாட் கணக்கு 5 நிமிடம், பகடைக் கைகள் 10 நிமிடம் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் காகிதப் பட்டைக்கும் இன்னொரு நாள் ரிவர் எண்ணிக்கைக்கும் ஒதுக்கலாம். பாட் கணக்கில் 20-க்கு 18 சரியாக வரத் தொடங்கியதும் அதை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்து, அந்த நேரத்தை ரிவருக்குக் கொடுங்கள். ரிவர் எண்ணிக்கை மட்டும் குறைய வேண்டாம். நோட்டில் பக்கத்துக்கு ஒரு ரிவர் என்று எழுதி, கீழே இரண்டு வரி காலியாக விட்டு வையுங்கள். அந்த எதிராளி அதே மாதிரி இடத்தில் பின்னொரு நாள் சீட்டைக் காட்டும்போது, என்ன காட்டினார் என்று அங்கே எழுத இடம் வேண்டும்.